உறங்கும் பிள்ளைக்கு யார் காவல்?

பிள்ளைக்கு அறுவை சிகிச்சை என்றதும் பெற்றோர் மனத்தில் முதலில் எழுவது கத்தியைப் பற்றிய பயம் அல்ல. மயக்க மருந்தைப் பற்றிய பயம். பினாங்கு ஜாலான் ரெசிடென்சியில் உள்ள பொது மருத்துவமனையாக இருந்தாலும், மேடான் நகரிலிருந்தெல்லாம் நோயாளிகள் வந்து சேரும் ஜார்ஜ்டவுன் தனியார் மருத்துவமனைகளாக இருந்தாலும், ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போடும் முன் தாய் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “மயக்கம் கொடுத்தால் பிள்ளை நல்லபடியாக எழுந்து விடுவானா, டாக்டர்?”

நியாயமான கேள்வி. ஆனால் அதன் பக்கத்திலேயே இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அதைக் கேட்பவர்கள் குறைவு. அந்தப் பிள்ளை உறங்கிக் கொண்டிருக்கும் நேரத்தில் அவன் உடம்பைக் கிருமியிடமிருந்து காப்பது யார்?

விழித்திருக்கும் குழந்தைக்கு இயற்கை பல காவலர்களைக் கொடுத்திருக்கிறது. வலித்தால் அழுகிறது. குளிர்ந்தால் நடுங்குகிறது. தொண்டையில் எதுவும் தப்பிப் போனால் இருமுகிறது. இரத்தத்தில் ஓடும் வெள்ளணுக்கள் கிருமியைக் கண்டால் பாய்ந்து விழுங்குகின்றன. மயக்க மருந்து வலியை மட்டும் உறங்க வைப்பதில்லை. இந்தக் காவலர்களையும் ஓரளவு உறங்க வைக்கிறது. இதை மருத்துவ உலகம் ஒரே நாளில் தெரிந்து கொள்ளவில்லை. ஒவ்வொன்றாக, பல உயிர்களைக் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டது.

மொழி தெரியாத சிறுவன்

1846ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் தேதி, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதர் ஆவியைக் கொடுத்து ஒரு நோயாளியை உறங்க வைத்தார். கழுத்திலிருந்த கட்டியை அறுவை மருத்துவர் அகற்றினார். நோயாளி அலறவில்லை. அதுவரை அறுவை சிகிச்சை என்றால் நான்கு பேர் பிடித்துக்கொள்ள, சாராயமோ அபினோ கொடுத்து, எவ்வளவு சீக்கிரம் முடிகிறதோ அவ்வளவு சீக்கிரம் முடிப்பது என்றுதான் இருந்தது.

அடுத்த ஆண்டு, 1847 நவம்பரில், ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் என்ற மகப்பேறு மருத்துவர் குளோரோஃபார்ம் என்ற திரவத்தைத் தம் வீட்டு மேசையிலேயே நண்பர்களுடன் முகர்ந்து பார்த்துச் சோதித்தார். சில நாட்களுக்குள் அதே நகரத்து மருத்துவமனையில் அது அறுவை சிகிச்சைக்குப் பயன்பட்டது.

அங்கே முதலில் படுக்க வைக்கப்பட்டது ஒரு சிறு பையன். வயது நான்கோ ஐந்தோ இருக்கும். மலைநாட்டிலிருந்து வந்தவன். கேலிக் மொழி தவிர வேறு மொழி தெரியாது. மருத்துவர்கள் பேசிய ஆங்கிலம் அவனுக்குப் புரியவில்லை. என்ன நடக்கப் போகிறது என்று அவனுக்கு விளக்கவும் வழியில்லை. முன்கை எலும்பு ஒன்று நோயால் செத்துப் போயிருந்தது. கைக்குட்டையில் குளோரோஃபார்ம் நனைத்து முகத்தருகே பிடித்தார்கள். சற்றுத் திமிறினான், பிறகு குறட்டை விட்டு உறங்கிப் போனான். செத்த எலும்பை எடுத்து முடித்தபோது, ஏதும் நடவாதது போல விழித்துப் பார்த்தான்.

குழந்தை, மயக்க மருந்து, புரையோடிய எலும்பு என்ற மூன்றும் குளோரோஃபார்மின் முதல் மருத்துவமனை அறுவையிலேயே ஒன்றாக வந்து நின்றன என்பதைக் கவனிக்க வேண்டும்.

வலி போயிற்று, சீழ் போகவில்லை

வலி தொலைந்ததும் அறுவை மருத்துவர்களுக்குத் துணிவு வந்தது. அவசரம் குறைந்தது. முன்பு தொடத் தயங்கிய இடங்களையும் தொட்டார்கள். ஆனால் கை கழுவும் பழக்கம் வரவில்லை. இரத்தக் கறை படிந்த அதே மேலங்கியோடு ஒரு நோயாளியிடமிருந்து அடுத்த நோயாளியிடம் போனார்கள். கிருமி என்ற ஒன்று புண்ணுக்குள் புகுந்து கொல்கிறது என்பதே அன்று ஏற்றுக்கொள்ளப்படவில்லை. புண் ஆறுவதற்குச் சீழ் பிடிப்பது நல்ல அறிகுறி என்றுகூடப் பலர் நம்பினார்கள்.

விளைவு என்ன? மேசையில் வலியின்றி உறங்கியவர்கள், ஒரு வாரம் கழித்துக் கட்டிலில் காய்ச்சலால் இறந்தார்கள்.

இதை எண்ணிக் காட்டியவர் வேறு யாருமல்ல, குளோரோஃபார்மைக் கொண்டு வந்த அதே சிம்ப்சன்தான். 1869இல் அவர் கை கால் துண்டிப்பு அறுவைகளின் கணக்கைத் திரட்டி வெளியிட்டார். கிராமங்களிலும் வீடுகளிலும் நடந்த 2,098 அறுவைகளில் இறந்தவர்கள் 226 பேர். பெரிய மருத்துவமனைகளில் நடந்த 2,089 அறுவைகளில் இறந்தவர்கள் 855 பேர். குடிசையில் பத்தில் ஒருவர். மாளிகை போன்ற மருத்துவமனையில் பத்தில் நால்வர். குணப்படுத்தக் கட்டிய கட்டடமே கொல்கிறது என்று அந்தக் கணக்கு சொல்லிற்று.

சிம்ப்சன் வலியை வென்றவர். ஆனால் வலியை வெல்வது பாதி வேலைதான் என்பதை அவரே தம் கையால் எழுதிக் காட்ட வேண்டி வந்தது.

பதினொரு வயது ஜேம்ஸ்

மறு பாதி வேலையைத் தொடங்கி வைத்ததும் ஒரு சிறுவனின் உடம்புதான். 1865 ஆகஸ்ட் 12ஆம் தேதி, கிளாஸ்கோ மருத்துவமனைக்கு ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்ற 11 வயதுப் பையன் கொண்டு வரப்பட்டான். வண்டிச் சக்கரம் ஏறி இடது கால் எலும்பு முறிந்து, தோலும் கிழிந்திருந்தது. தோல் கிழிந்த எலும்பு முறிவு என்றால் அந்நாளில் புரையோடும். காலை வெட்டுவார்கள், அல்லது உயிர் போகும்.

ஜோசப் லிஸ்டர் என்ற அறுவை மருத்துவர், அழுகலுக்கு நுண்ணுயிர்களே காரணம் என்று பிரான்சில் லூயி பாஸ்டர் சொன்னதைப் படித்திருந்தார். கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியால் அந்தப் புண்ணை மூடினார். சீழ் பிடிக்கவில்லை. ஆறு வாரங்களில் எலும்பு கூடியது. பையன் சொந்தக் காலில் நடந்து வீட்டுக்குப் போனான். லிஸ்டர் தம் முறையை 1867இல் எழுதி வெளியிட்டார். அதை எல்லோரும் ஏற்றுக்கொள்ள மேலும் பல ஆண்டுகள் ஆயின. சிம்ப்சனே அதை எதிர்த்தவர்களில் ஒருவர் என்பது வரலாற்றின் வேடிக்கை.

பினாங்கு மண்ணின் மைந்தர்

கிருமி கத்தி வழியாகவும் கை வழியாகவும் மட்டும் வருவதில்லை. மூச்சு வழியாகவும் வருகிறது. 1897இல் யோகான் மிக்குலிச் என்ற அறுவை மருத்துவர் வாயையும் மூக்கையும் வலைத்துணியால் மூடிக்கொண்டு அறுவை செய்யத் தொடங்கினார். அறுவைக் கூடத்துக்குள் இருந்த அந்தத் துணியை ஊர் முழுவதற்கும் கொண்டு வந்தவர் பினாங்கில் பிறந்தவர்.

டாக்டர் வூ லியென் தே 1879இல் பினாங்கில் ஒரு பொற்கொல்லரின் மகனாகப் பிறந்தார். பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் படித்து, அரசியார் பெயரிலான உபகாரச் சம்பளம் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்றார். லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் பயிற்சி பெற்றார். ஊர் திரும்பி, தமிழ் முஸ்லிம் வணிகர்களின் பெயரைத் தாங்கி நிற்கும் சூலியா தெருவில் சில ஆண்டுகள் மருத்துவம் பார்த்தார். பிறகு சீனா சென்றார்.

1910 டிசம்பரில் மஞ்சூரியாவின் ஹார்பின் நகரில் நுரையீரல் பிளேக் பரவியபோது, இது எலியால் மட்டும் வருவதல்ல, மனிதர் மூச்சிலிருந்து மனிதருக்குத் தாவுகிறது என்று அவர் சொன்னார். பஞ்சையும் வலைத்துணியையும் வைத்துத் தைத்த எளிய முகக்கவசத்தை மருத்துவர்களையும் பணியாளர்களையும் அணியச் செய்தார். அதை அலட்சியம் செய்த மெனி என்ற பிரெஞ்சு மருத்துவர், நோயாளிகளைப் பார்த்துவிட்டு வந்த சில நாட்களிலேயே பிளேக்கால் இறந்தார். அதன் பிறகு யாரும் மறுக்கவில்லை. சுமார் 60,000 பேரைப் பலிகொண்ட அந்த நோய் 1911இல் அடங்கியது. டாக்டர் வூ 1960இல் பினாங்கிலேயே காலமானார்.

தன்னைக் காத்துக்கொள்ள முடியாத ஒருவருக்காகச் சுற்றி நிற்பவர்கள் தங்கள் மூச்சை மறைத்துக்கொள்ள வேண்டும். அறுவை மேசையில் உறங்கும் குழந்தை விஷயத்தில் இது இன்னும் பொருந்தும்.

வெள்ளணுக்களும் உறங்குகின்றன

சுற்றுப்புறம் சுத்தமாயிற்று, சரி. உடம்புக்குள் என்ன நடக்கிறது? வெள்ளணுக்கள் கிருமிகளை விழுங்குவதைக் கண்டு சொன்னவர் இலியா மெக்னிகாஃப் என்ற ரஷ்ய அறிஞர். அதற்காக 1908இல் நோபல் பரிசையும் பகிர்ந்து பெற்றார். உடனே அடுத்த கேள்வி எழுந்தது. மனிதனை உறங்க வைக்கும் ஈதர், இந்த வெள்ளணுக்களை என்ன செய்கிறது?

1911இல் சிகாகோவைச் சேர்ந்த எவர்ட்ஸ் கிரஹாம் என்ற இளம் மருத்துவர் இதை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். ஈதர் பட்ட இரத்தத்தில் வெள்ளணுக்களின் விழுங்கும் சக்தி குறைகிறது என்பது அவருடைய முடிவு. பின்னாளில் நுரையீரல் அறுவையில் உலகப் புகழ் பெற்றவர் இவர்தான். 1950இல் புகைபிடிப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டிய ஆய்விலும் இவருக்குப் பங்குண்டு.

ஈதர் போய் 1956இல் ஹாலோத்தேன் வந்தது. குழந்தைகளை முகமூடி வழியே உறங்க வைக்கப் பல பத்தாண்டுகள் அதுவே பயன்பட்டது. பிறகு செவோஃப்ளூரேன் அதன் இடத்தைப் பிடித்தது. இம்மருந்துகளும் ஆய்வுக்கூடத்தில் வெள்ளணுக்களின் ஓட்டத்தை ஓரளவு மந்தப்படுத்துகின்றன. ஆனால் பயப்படத் தேவையில்லை. இந்த மந்தம் தற்காலிகமானது. ஆரோக்கியமான குழந்தையின் உடம்பு அதிலிருந்து மீண்டுவிடும். அறுவைக் காயத்தின் அதிர்ச்சியும் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் என்பதால், மருந்தின் பங்கு இவ்வளவு என்று தனியே பிரித்துச் சொல்வது எளிதல்ல. மருந்தைக் குற்றம் சொல்வதைவிட, மருந்து கொடுக்கும்போது செய்ய வேண்டியவற்றைச் சரியாகச் செய்வதுதான் பலன் தரும் என்பதை அடுத்து வந்த ஆய்வுகள் காட்டின.

பாட்டி சொன்னது சரிதான்

வெயில் கொளுத்தும் பினாங்கில் பிள்ளைக்குக் குளிர் எடுக்குமா என்று சிரிக்கத் தோன்றும். அறுவைக் கூடத்தில் குளிரூட்டி ஓடுகிறது. பிள்ளையின் உடைகள் களையப்பட்டிருக்கின்றன. தோலைத் துடைக்கும் திரவம் ஈரமாக இருக்கிறது. மயக்க மருந்து தோலின் இரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது. உள்ளே இருக்கும் சூடு வெளியே கசிகிறது. விழித்திருந்தால் உடம்பு நடுங்கிச் சூட்டை உண்டாக்கும். மயக்கத்தில் அதுவும் இல்லை. எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோல் பரப்பு பெரியவர்களைவிட அதிகம். ஆகவே, சின்ன உடம்பு சீக்கிரம் குளிர்ந்து விடும்.

குளிர்ந்தால் என்ன? தோலுக்குப் போகும் இரத்தமும் அதிலுள்ள பிராண வாயுவும் குறையும். வெள்ளணுக்கள் சோர்ந்து போகும். 1996இல் ஆஸ்திரியாவில் ஆண்ட்ரியா கூர்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு கண்ணைத் திறந்தது. பெருங்குடல் அறுவை செய்துகொண்ட 200 பேரில், வழக்கப்படி குளிர விடப்பட்டவர்களில் 100க்கு 19 பேருக்குப் புண்ணில் கிருமி தொற்றியது. கதகதப்பாக வைக்கப்பட்டவர்களில் 100க்கு 6 பேருக்கு மட்டுமே தொற்றியது. இரு குழுவினருக்கும் உடல் சூட்டில் இருந்த வித்தியாசம் சுமார் 2 டிகிரிதான்.

அந்த ஆய்வு பெரியவர்களிடம் நடந்தது. ஆனாலும் வேகமாகச் சூட்டை இழக்கும் குழந்தைகளுக்கு இந்தக் கவனம் இன்னும் தேவை. அதனால்தான் இன்று குழந்தைகளின் மேசையில் சூடான காற்று ஊதும் போர்வையும், உடல் சூட்டை ஓயாமல் காட்டும் கருவியும் இருக்கின்றன. “பிள்ளைக்குக் குளிர் பட்டுவிடப் போகிறது” என்று போர்த்திவிடும் பாட்டியின் பயத்துக்கு அறிவியல் ஆதாரம் கிடைத்துவிட்டது எனலாம்.

ஒரு மணி நேரத்தின் மதிப்பு

அடுத்தது கிருமிக்கொல்லி மருந்து. அதை எப்போது கொடுப்பது? புண் ஏற்பட்ட பிறகு கொடுத்தால் போதாதா? 1961இல் பாஸ்டனைச் சேர்ந்த ஜான் பர்க் என்ற அறுவை மருத்துவர் கினிப் பன்றிகளிடம் சோதித்துப் பார்த்தார். கிருமி புகும்போதே மருந்து இரத்தத்தில் இருந்தால் காக்கும். சுமார் மூன்று மணி நேரம் தாமதமானால் பலன் இல்லை என்று கண்டார்.

1992இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் 2,847 நோயாளிகளின் விவரங்களைக் கொண்டு வெளியான ஆய்வு இதை மனிதரிடமும் உறுதி செய்தது. கத்தி வைப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில் புண் கெட்டது 0.6 விழுக்காட்டினருக்கு மட்டுமே. அறுவை தொடங்கி மூன்று மணி நேரத்துக்குப் பின் பெற்றவர்களில் அது 3.3 விழுக்காடு. அதற்காக இரண்டு மணி நேரத்துக்கும் முன்னதாகவே கொடுத்துவிட்டாலும் பயனில்லை, அதுவும் 3.8 விழுக்காடு.

அந்தச் சரியான நேரத்தில் நோயாளியின் அருகில் ஊசியோடு நிற்பவர் யார்? மயக்க மருந்து நிபுணர். கத்தியைத் தொடாத அவர்தான் புண் கெடாமல் காப்பதில் பெரும் பங்கு வகிக்கிறார்.

வெள்ளை மருந்தில் வளர்ந்த கிருமி

காவலரே கண்ணயர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் வரலாறு காட்டியிருக்கிறது. புரோப்போஃபால் என்ற மயக்க ஊசி மருந்து பால் போல வெள்ளையாக இருக்கும். சோயா எண்ணெயும் முட்டைக் கொழுப்பும் கலந்தது. மயக்கத்துக்கு அருமையான மருந்து. ஆனால் கிருமி வளர்வதற்கும் அருமையான உணவு. 1990 முதல் அமெரிக்காவில் சில மருத்துவமனைகளில், சுத்தமான அறுவை செய்துகொண்டவர்களுக்குத் திடீரென்று காய்ச்சலும் இரத்தத்தில் கிருமித் தொற்றும் வந்தன. ஏழு மருத்துவமனைகளில் நடந்த விசாரணை 1995இல் வெளியானது. மருந்து தொழிற்சாலையில் கெடவில்லை. குப்பியைத் திறந்து வைத்திருந்ததும், ஒரே ஊசிக் குழாயை மீண்டும் மீண்டும் பயன்படுத்தியதும், கையுறை அணியாததுமே காரணம். சின்ன அலட்சியம், பெரிய தண்டனை. அதன் பிறகு அம்மருந்தில் கிருமி வளர்ச்சியைத் தடுக்கும் பொருள் சேர்க்கப்பட்டது. திறந்த மருந்தைச் சில மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும், மிச்சத்தை வீச வேண்டும் என்ற விதியும் கடுமையானது.

இந்தப் பாடங்களையெல்லாம் நினைவில் நிறுத்துவது எப்படி? 2008இல் உலகச் சுகாதார நிறுவனம் ஒரு பக்கச் சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. மயக்கம் கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், கூடத்தை விட்டுப் போகும் முன் என மூன்று இடங்களில் எல்லோரும் நின்று வாய்விட்டுக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். கிருமிக்கொல்லி கொடுத்தாயிற்றா என்பதும் அதில் ஒரு கேள்வி. எட்டு மருத்துவமனைகளில் சோதித்தார்கள். புதுடெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் மருத்துவமனை அவற்றில் ஒன்று. டாக்டர் வூ பயின்ற லண்டன் செயின்ட் மேரீஸ் இன்னொன்று. அறுவைப் புண் தொற்று 6.2 விழுக்காட்டிலிருந்து 3.4 விழுக்காடாகக் குறைந்தது. இதுவும் 16 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடந்ததுதான்; ஆனால் பட்டியல் இன்று குழந்தைகளின் மேசை அருகிலும் வாசிக்கப்படுகிறது.

பெற்றோரின் பங்கு

இந்தக் காவலில் பெற்றோருக்கும் ஓர் இடம் உண்டு. இருமல் என்ற காவலர் மயக்கத்தில் உறங்கிவிடுவார் என்பதை மறக்கக் கூடாது. 1946இல் நியூயார்க்கில் கர்ட்டிஸ் மெண்டல்சன் என்ற மருத்துவர் 44,016 பிரசவங்களின் பதிவுகளை ஆராய்ந்தார். மயக்கத்தில் வயிற்றிலிருந்தவை நுரையீரலுக்குள் போனவர்கள் 66 பேர் இருந்தார்கள். வயிற்று அமிலம் நுரையீரலைப் புண்ணாக்கும். புண்ணான நுரையீரலில் கிருமி எளிதாகக் குடியேறும். இதனால்தான் அறுவைக்கு முன் இத்தனை மணி நேரம் பால் கூடாது, சோறு கூடாது என்று சொல்கிறார்கள். பிள்ளை அழுகிறதே என்று இரக்கப்பட்டுத் தாதிக்குத் தெரியாமல் ஒரு வாய் பால் கொடுப்பது அன்பு அல்ல. கொடுத்துவிட்டிருந்தால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

சளி, காய்ச்சல், இருமல் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். தேதி தள்ளிப் போகுமே, வேலைக்கு எடுத்த விடுப்பு வீணாகுமே என்று மறைப்பவர்கள் உண்டு. தள்ளிப் போன தேதி திரும்பக் கிடைக்கும். அண்மையில் தடுப்பூசி போட்டிருந்தால் அந்த நாளையும் குறிப்பிட வேண்டும். தடுப்பூசியால் வரும் காய்ச்சலையும் அறுவைக்குப் பின் வரும் தொற்றுக் காய்ச்சலையும் மருத்துவர் குழப்பிக்கொள்ளாமல் இருக்க அது உதவும்.

பெற்றோர் கேட்கவும் செய்யலாம். “பிள்ளையை எப்படிக் கதகதப்பாக வைத்திருப்பீர்கள்? கிருமிக்கொல்லி தேவையா, தேவையென்றால் எப்போது கொடுப்பீர்கள்?” என்று மரியாதையாகக் கேட்டால், நல்ல மயக்க மருந்து நிபுணர் முகம் சுளிக்க மாட்டார். அது அவருடைய அன்றாட வேலை. மலாயோ ஆங்கிலமோ சரளமாக வராத பெற்றோர், தமிழ் தெரிந்த தாதியையோ உறவினரையோ உடன் வைத்துக்கொண்டு கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

எடின்பரோவில் அந்த மலைநாட்டுச் சிறுவனுக்காகப் பேச மொழி இல்லை. அவனைச் சூழ்ந்து நின்றவர்களுக்குக் கிருமியைப் பற்றிய அறிவும் இல்லை. இன்று அறிவு இருக்கிறது. கார்பாலிக் துணி, முகக்கவசம், சூடான போர்வை, நேரத்தில் போடும் ஊசி, புதிய ஊசிக் குழாய், வாய்விட்டு வாசிக்கும் பட்டியல் என்று அது வளர்ந்திருக்கிறது. இவற்றில் பலவும் விலை உயர்ந்த கண்டுபிடிப்புகள் அல்ல. மறக்காமல் செய்ய வேண்டிய சின்னச் சின்னக் கடமைகள்தான். உறங்கும் பிள்ளையால் அழவும் முடியாது, நடுங்கவும் முடியாது. அவனுக்காக விழித்திருப்பதுதான் மற்றவர்களின் வேலை.